மகள் வானியல் படிக்கணும் என்கிறாள்: ஓர் அப்பாவின் கேள்விகளுக்குப் பதில்

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி. இயற்பியலில் நல்ல மதிப்பெண். வீட்டில் நர்சிங் அல்லது இன்ஜினியரிங் என்று பேசிக்கொண்டிருக்க, அவள் வானியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அவர் கேட்பவை இவை: அந்தப் படிப்பு எங்கே இருக்கிறது? படிக்கிற பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருக்கும்? ராத்திரியெல்லாம் மலையில் போய் உட்கார வேண்டுமா? வேலை கிடைக்குமா? கடைசியாக, ஒரு டெலஸ்கோப் வாங்கிக் கொடுக்கலாமா?

நானும் தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, எம்.எஸ்சி. முடித்து, வானியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவன்தான். இப்போது இயற்பியல் நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஏமாற்றம் தரும் செய்தி. அடுத்த மூன்று வருடம் உங்கள் மகள் படிக்கப்போவது இயற்பியல். வானியல் என்ற பெயரில் ஒரு விருப்பப் பாடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இளநிலையிலேயே வானியலைச் சேர்த்து வைத்திருக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. விண்வெளித் துறையின் கீழ் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.டி.யில் அப்படி ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதியிருக்க வேண்டும். முதுநிலையில் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் இந்தூர் ஐ.ஐ.டி.யிலும் வானியலுக்கென்றே எம்.எஸ்சி. இருக்கிறது. திருப்பதி, திருவனந்தபுரத்தில் இருக்கும் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு, அதற்கும் தனி நுழைவுத்தேர்வு. மற்றபடி இந்தத் துறையில் இருக்கும் பெரும்பாலோர் வந்த வழி ஒன்றுதான்: பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி. இயற்பியல், ஆராய்ச்சிக்குப் போகும்போது வானியல்.

ஆகவே, பட்டத்தின் பெயரில் வானியல் இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டாம். பக்கத்திலேயே, லேப் ஒழுங்காக நடக்கிற ஒரு கல்லூரியில் இயற்பியல் சேருங்கள். லேப் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தப் பதிலில் அதுதான் முக்கியம்.

முதல் வருடம் எப்படி இருக்கும்? முதல் இரண்டு வருடம் தமிழ், ஆங்கிலத் தாள்கள் உண்டு. அலைடு கணிதம், அலைடு வேதியியல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் உண்டு. மேஜர், அதாவது இயற்பியல் என்று வருவது வாரத்தில் சில மணி நேரம்தான். வானத்தைப் பற்றிப் படிக்க வந்த பெண்ணுக்கு, கம்பியை எடை தொங்கவிட்டு வளைப்பதும், திரவத்தின் பாகுநிலையை அளப்பதும், வேதியியல் லேபில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுமாக ஒரு வருடம் ஓடிவிடும். நிறையப் பேர் மனம் விட்டுப்போவது இங்கேதான். நான் சேர்ந்தது இதுக்கா என்று தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது கேட்பாள். கேட்டால் பதறாதீர்கள்.

தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கூடுதல் சுமை. கருத்து தெரியும், கரும்பலகையில் எழுதுவது புரியும், பேராசிரியர் வேகமாக ஆங்கிலத்தில் சொல்வதுதான் நழுவிப்போகும். இதற்கு நான் பார்த்த வரையில் ஒரே மருந்து, அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே பிளஸ் டூ தமிழ்ப் பாடநூலோடு ஒத்துப் பார்ப்பது. இரண்டு செமஸ்டருக்குள் பழகிவிடும். கணக்குப் போடுவதற்கு எந்த மொழியும் தடையில்லை. அதில் கை தேர்ந்திருந்தால் மற்றது தானாக வரும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், சேர்ந்தவுடன் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரியில் அந்தப் பணம் பஸ், நோட்டு, ஜெராக்ஸ் செலவுக்குப் பெரிதும் உதவும்.

சரி, லேபுக்கு வருகிறேன்.

எல்லா இயற்பியல் துறையிலும் ஓர் இருட்டறை இருக்கும். உள்ளே மேசைகளில் ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள், சோடியம் விளக்கு, பாதரச விளக்கு. சோடியம் விளக்கைப் போட்டவுடன் மஞ்சள் வராது. முதலில் இளஞ்சிவப்பாக எரியும், சூடேறச் சில நிமிடம் ஆகும், அப்புறம்தான் அந்த முழு மஞ்சள். அதற்குள் கருவியிலேயே இருக்கும் சிறிய டெலஸ்கோப்பை ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு மரத்துக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ திருப்பி, தலைகீழ் பிம்பம் தெளிவாக விழும்படி சரிசெய்ய வேண்டும். பிறகு விளக்கொளி நுழையும் குழாயான கோலிமேட்டரின் பிளவை மெல்லிய கோடாக்க வேண்டும். பிறகு முப்பட்டகத்தை வைத்து மேசையை மெதுவாகத் திருப்பினால், மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் தயங்கி, வந்த வழியே திரும்பும். அந்தத் தயங்கும் இடம்தான் சிறும விலக்கம். அதைக் குறுக்குக் கம்பியில் பிடித்து, திருகாணியை இறுக்கி, அளவைப் படிக்க வேண்டும்.

அளவுகோலில் வெர்னியர் என்ற துணை அளவுகோல் இரண்டு இருக்கும், எதிரெதிராக. முதன்மை அளவில் ஒரு பிரிவு அரை டிகிரி. வெர்னியரில் 30 பிரிவு. ஆகவே ஒரு நிமிடம் வரை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை படிக்கலாம். வெர்னியர் ஏ, வெர்னியர் பி இரண்டையும் ஏன் படிக்கிறோம் என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். வட்ட அளவின் மையமும் கருவி சுழலும் அச்சும் துல்லியமாக ஒரே இடத்தில் அமைவதில்லை. அந்தப் பிழை ஒரு பக்கம் கூடினால் எதிர்ப்பக்கம் குறையும். சராசரி எடுத்தால் அது கழிந்துபோகும். கருவியை நம்பாதே, அது எங்கே தவறும் என்று தெரிந்துகொண்டு அளக்கிற முறையிலேயே அதைத் தோற்கடி என்று சொல்லித்தரும் முதல் பாடம் இது.

இந்தப் பாடத்தைத்தான் நம் கல்லூரிகளில் வீணடிக்கிறோம். சீனியர் ரெக்கார்டு கைமாறி வரும். வரவேண்டிய விடை தெரியும். முப்பட்டகக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.6 சொச்சம் வர வேண்டும் என்றால், பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவது. கண்ணால் பார்த்த ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் அதை அடித்துவிட்டு ஒத்துவருவதை எழுதுவது. மதிப்பெண் கிடைத்துவிடும். எல்லாரும் செய்கிறார்கள், பல ஆசிரியர்களும் கண்டும் காணாமல் விடுகிறார்கள். ஆனால் வானியலுக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. வேறு துறையில் சந்தேகம் வந்தால் சோதனையைத் திரும்பச் செய்யலாம். வானத்தில் பல நிகழ்ச்சிகள் ஒரு முறைதான் நடக்கும். என்ன வந்ததோ அதை வந்தபடி எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு கடக்கப்போகிறது. மறைக்கும் நேரத்தை அளந்தால் கோளைப் பற்றிப் பல தகவல் கிடைக்கும் என்று பல நாடுகளில் காத்திருந்தார்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் ஒரு மீட்டர் விட்டத் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அளந்துகொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திர ஒளி சில நொடி குறைந்து, மறுபடி ஏறியது. பின்னாலிருந்து ரீடிங் எழுதிப் பழகிய கை என்றால் மேகம் என்று சொல்லி அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். அவர்கள் அதை அப்படியே பதிவு செய்தார்கள், யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே நிகழ்ச்சியை விமானத்தில் பறந்தபடி அளந்த அமெரிக்கக் குழுவுக்குக் கோளின் இரண்டு பக்கமும் அதே மாதிரி இறக்கங்கள் கிடைத்தன. துணைக்கோள் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வராது. யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். காவலூர்க்காரர்கள் சொன்ன விளக்கம் மாறிப்போனது. அவர்கள் எழுதிவைத்த அளவு இன்றும் நிற்கிறது.

இன்னொன்று. 1995-இல் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் வெளிக்கோள் முதன்முதலாகத் தெரியவந்தது. மேயரும் குவெலோவும் கண்டுபிடித்தார்கள், பின்னாளில் நோபல் பரிசும் வந்தது. அந்தக் கோள் இழுப்பதால் நட்சத்திரம் முன்னும் பின்னும் அசையும் வேகம் நொடிக்கு 60 மீட்டர்கூட இல்லை. நிறமாலைக் கோடு அதனால் எவ்வளவு நகரும்? இருட்டறையில் பார்க்கிற அதே சோடியக் கோட்டின் அலைநீளம் 5890 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆங்ஸ்ட்ராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை உங்கள் மகளே டாப்ளர் வாய்பாட்டில் போட்டுப் பார்க்கலாம், பிளஸ் டூ கணக்குதான். அவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்களும் வெர்னியர் ஏ, பி போலத்தான் யோசிக்க வேண்டியிருந்தது: கருவி எங்கே நகர்கிறது, வெப்பநிலை மாறினால் என்னாகும், பிழையை எப்படிக் கழிப்பது?

இரண்டாம், மூன்றாம் வருடத்தில் பாடம் சூடுபிடிக்கும். மின்காந்தவியல், ஒளியியல், குவாண்டம் இயக்கவியல், வெப்ப இயக்கவியலும் புள்ளியியல் இயக்கவியலும், அணுக்கரு இயற்பியல், டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ். பாடத்திட்டம் தாளுக்கு ஐந்து யூனிட். கேள்வித்தாள் எப்படி வரும் என்று தெரிந்துகொண்டு இரண்டு யூனிட்டை அப்படியே விட்டுவிடுவது நம் பிள்ளைகளின் பரம்பரைக் கலை. விடப்படும் யூனிட் பெரும்பாலும் கடைசியில் வரும் பெர்மி–டிராக் புள்ளியியல்தான், அதாவது எலெக்ட்ரான்கள் கூட்டமாக எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு. அதை விட்டுவிட்டு வானியலுக்கு வந்தால் வெள்ளைக் குறுமீன் என்ற வகை நட்சத்திரம் ஏன் நொறுங்காமல் நிற்கிறது என்பதே புரியாது.

இதில் சென்னைக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுப்ரமணியன் சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த பையனிடம், அதில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, இப்போது குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்லி, புதிய எலெக்ட்ரான் புள்ளியியல் பற்றிய தன் கட்டுரையையும் கொடுத்தார். அடுத்த வருடமே அந்தப் புள்ளியியலை வைத்துச் சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அந்தப் புள்ளியியலைச் சார்பியலோடு சேர்த்துக் கணக்குப் போட்டார். வெள்ளைக் குறுமீன்களின் எடைக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்று வந்தது. இன்று நாம் சொல்லும் மதிப்பு சூரியனைப் போல் 1.4 மடங்கு. 1983-இல் நோபல். கப்பலில் கணக்குப் போட்டபோது அவருக்கு வயது 19, கையில் தொலைநோக்கி எதுவும் இல்லை. தேர்வுக்காக நாம் விடும் அந்தக் கடைசி யூனிட்தான் அவர் கையில் இருந்தது.

மதிப்பெண் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. தேர்வில் கேட்பது பெரும்பாலும் டெரிவேஷன். மனப்பாடம் செய்து எழுதினால் எண்பது, தொண்ணூறு வரும். அதே பிள்ளை மூன்றாம் வருடத்தில் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வின் பழைய கேள்வித்தாளைத் திறந்தால் முதல் பத்து கேள்வியில் இரண்டுகூடப் போட முடியாமல் உட்கார்ந்திருக்கும். மனப்பாடத்துக்கும் கணக்குக்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தைக் கல்லூரி நிரப்பித் தராது. தானே உட்கார்ந்து, விடையைப் பார்க்காமல், தப்புத் தப்பாகப் போட்டுப் பழகவேண்டும். இதற்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்த குழு இருந்தால் பெரிய உதவி. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் உண்மையில் இயற்பியலுக்காகவே வந்தவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் வேறு சீட்டு கிடைக்காமல் வந்தவர்கள், அல்லது பட்டம் வாங்கிக்கொண்டு பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. என்று போகப்போகிறவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாலைந்து பேரை முதல் வருடமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டர் கட்டாயம். இன்றைக்கு வானியல் மாணவர் கண்ணால் பார்ப்பது லென்ஸை அல்ல, லேப்டாப் திரையை. லினக்ஸ், பைத்தான் இரண்டும் தெரியாமல் ஒரு கோடைக்கால ப்ராஜெக்ட்கூடச் செய்ய முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், உலகத்தின் சிறந்த தரவுகள் பல இலவசம். ஐரோப்பாவின் கயா விண்கலம் சுமார் 180 கோடி நட்சத்திரங்களை அளந்த விவரம் 2022 ஜூனில் வெளியானது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நம்முடைய ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் தரவுகளும் பொதுவில் கிடைக்கின்றன.

ஹாஸ்டல் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கயா தரவில் இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் கோணம்) 10 மில்லி விகலைக்கு மேல் இருப்பவற்றை மட்டும் கேட்டு வாங்கினால், 100 பார்செக்குக்குள், அதாவது சுமார் 326 ஒளியாண்டுக்குள் இருக்கும் நட்சத்திரங்கள் கிடைக்கும். முதலில் பட்டியலில் குப்பையும் வரும், கோணத்தின் பிழை அதிகமாக இருப்பவற்றைக் கழிக்க வேண்டும், இங்கேயும் பிழைதான். பிறகு ஒவ்வொன்றின் தூரத்தையும் வைத்து உண்மையான பிரகாசத்தைக் கணக்கிட்டு, நிறத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தால், நடுவே நீளமான ஒரு பட்டை விழும், மேலே வலப்பக்கம் சிவப்புப் பேருருக்கள் கிளை பிரியும். கீழே இடப்பக்கம், கூட்டத்திலிருந்து விலகி, மெல்லிய தனிப் பட்டை ஒன்று தெரியும். அவைதான் வெள்ளைக் குறுமீன்கள், சந்திரசேகர் கப்பலில் கணக்குப் போட்ட சங்கதி. இதை ஒரு முறை தன் கையால் வரைந்து பார்த்த மாணவிக்குப் புள்ளியியல் இயக்கவியல் படி என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இப்போது உங்கள் மலைக் கேள்வி. அப்பாக்கள் எல்லாரும் கேட்பது, கேட்க வேண்டியதும்தான்.

பி.எஸ்சி. படிக்கும்போது அப்படி எங்கேயும் போக வேண்டியிருக்காது. எம்.எஸ்சி.யில் ஒரு முறை கூட்டிப் போகலாம். ஆராய்ச்சிக்குப் போன பிறகு, ஒளியியல் வானியல் எடுத்தால், வருடத்தில் சில இரவுகள் உண்டு. காவலூரில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம், ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். அங்கே ஓர் இரவு என்றால் சினிமாவில் காட்டுவது மாதிரி யாரும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. வேலை சாயங்காலமே தொடங்கிவிடும். கேமராவைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் வானம் ஒரே சீராக வெளிச்சமாக இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள், கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உணர்கிறது என்று பார்க்க வெறும் வானத்தைப் படம் எடுக்க வேண்டும்; அதைத் தவறவிட்டால் விடியற்காலைதான். இருட்டிய பிறகு நட்சத்திரத்தின் நிறமாலை எடுப்பதற்கு முன்னும் பின்னும், அலைநீளம் தெரிந்த கோடுகளைத் தரும் ஒரு விளக்கின் நிறமாலையையும் எடுப்பார்கள், ஒப்பிட்டு அளக்க. இருட்டறைப் பாதரச விளக்கு இங்கே வேறு உருவத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் திரை முன்னால் உட்கார்ந்து, ஈரப்பதம் ஏறுகிறதா, மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. ஈரப்பதம் எல்லை தாண்டினால் தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் கூரையான டோமை மூடச் சொல்லிவிடுவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, விண்ணப்பம் எழுதி, குழு ஒப்புதல் கொடுத்து வாங்கிய இரவு மழையில் போய்விடும். மூடின டோமுக்குள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எரிச்சல் இருக்கிறதே, அது இந்தத் தொழிலில் எல்லாரும் அனுபவிப்பது.

அங்கே உதவியாளர்கள், பொறியாளர்கள் உடன் இருப்பார்கள். தங்குமிடமும் சாப்பாடும் வளாகத்திலேயே. பெண்கள் தனியாகவும் குழுவாகவும் வந்து வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். இன்னும் பல இடங்களுக்கு நேரில் போகவே தேவையில்லை. லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோசகோட்டையில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். ரேடியோ வானியல் எடுத்தால் பகல் இரவு வித்தியாசமே கிடையாது. புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் அகலத்தில் 30 ஆன்டெனாக்கள். மேகம் வந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. அங்கே தொல்லை கொடுப்பது மனிதர்கள் கிளப்பும் ரேடியோ இரைச்சல்.

நம் ஊட்டியிலும் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 1970-லிருந்து. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதைக் கட்ட ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. சரிவும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். ஊட்டிக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகள் பொட்டானிக்கல் கார்டனோடு திரும்பிவிடுகிறார்கள். என்ன சொல்வது.

பி.எஸ்சி. மூன்று வருடத்தில் கோடை விடுமுறைகள்தான் தங்கம். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்துக்கு வழக்கமாக முந்தின நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நம் கல்லூரிகளில் ஏப்ரலில்தான் ஞாபகம் வரும். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை, உதவித்தொகையும் உண்டு. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயில் இருக்கும் வானியல் மையமான அயூகா போன்ற இடங்களிலும் மாணவர்களை எடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் வானத்தின் மேல் சிறுவயதிலிருந்தே ஆசை என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். இந்தத் தரவை இறக்கி இந்த வரைபடம் போட்டேன், இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று எழுதுகிறவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வேலை விஷயம். ஒளிக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி. முடித்தவுடன் வானியலில் வேலை கிடையாது. எம்.எஸ்சி.க்கு ஜாம் எழுதலாம்: மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், பிப்ரவரியில். அது முடிந்து நெட், ஜெஸ்ட் போன்ற தேர்வுகள் எழுதி ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால், 2023-லிருந்து ஜே.ஆர்.எப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆகவே இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிலிருந்து உங்களிடம் பணம் கேட்க மாட்டாள். ஆராய்ச்சி ஐந்தாறு வருடம் இழுக்கும். அதற்கப்புறம் வெளிநாட்டில் சில வருடம் ஒப்பந்தப் பணி, பிறகு நிரந்தர வேலைக்குப் போட்டி. இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். நடுவில் கூடப் படித்த இன்ஜினியரிங் தோழி வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்திருப்பாள், சொந்தக்காரர்கள் இன்னுமா படிக்கிறாள், கல்யாணம் எப்போது என்று ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பார்கள். படிப்பைவிட இந்தக் கேள்விதான் பல பெண்களைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே அவளுக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வழியில் இறங்கிக்கொள்ளவும் இடம் உண்டு. எம்.எஸ்சி.யோடு நின்றால் கல்லூரி, பள்ளி ஆசிரியர் பணி. வானிலை ஆய்வுத் துறை. மேற்படிப்பு ஒன்று முடித்தால் புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிரியக்க இயற்பியலாளர். ஆராய்ச்சி முடித்தவர்களில் பலர் தரவு அறிவியல் பக்கம் போய்விடுகிறார்கள். கோடிக்கணக்கான நட்சத்திரங்களில் குப்பையைக் கழித்துப் பழகியவருக்கு வங்கித் தரவு பெரிய மலைப்பில்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இயற்பியல் துறைக்குப் போய் இருட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரில் தூசி படிந்திருக்கிறதா, ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். ஒரு கருவியைச் சுற்றி ஆறு பேர் நின்றால் ஒருத்தர் பார்ப்பார், ஐந்து பேர் காப்பி அடிப்பார்கள். போன வருடம் யாராவது ஜாம் எழுதினார்களா என்று கேளுங்கள். எழுதியவர் இருந்தால் அந்தப் பிள்ளையின் போன் நம்பரை வாங்கிப் பேசுங்கள். இதெல்லாம் கேட்டால் எரிச்சல்படுகிற துறையை விட்டுவிடலாம்.

டெலஸ்கோப் வேண்டாம். மலிவான டெலஸ்கோப்பின் தாங்கி ஆடும், ஒரு மாதத்தில் பரணுக்குப் போகும். சில ஆயிரங்களில் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள், மீதிப் பணத்தை லேப்டாப்புக்கு ஒதுக்குங்கள், பழையதாக இருந்தாலும் போதும். பைனாகுலரில் கார்த்திகைக் கூட்டத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும் ஆறு போய் முப்பது நாற்பது தெரியும். வியாழன் வானத்தில் இருக்கும் காலமானால், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் அதன் நான்கு நிலவுகள் ஒரே வரிசையில் தெரியும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, தேதியும் நேரமும் போட்டு, எது எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி என்று ஒரு நோட்டில் வரையச் சொல்லுங்கள். மேகம் என்றால் மேகம் என்று எழுதட்டும். மூன்று தெரிந்தால் மூன்றுதான் வரைய வேண்டும், நான்காவதை ஊகித்துப் போடக் கூடாது. ஒன்றரை மாதம் விடாமல் எழுதினால், வெளியே இருக்கும் காலிஸ்டோ ஒரு சுற்று வர 16, 17 நாள் ஆகிறது என்பது அந்த நோட்டிலிருந்தே வந்துவிடும். கல்லூரிச் சேர்க்கைக்குத் துறைத்தலைவரைப் பார்க்கப் போகும்போது மார்க் ஷீட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.